பெரிய கட்டுமான நிறுவனத்துக்கு மகனை அனுப்பலாமா என்று கேட்ட தந்தைக்கு

ஐயா, காங்கயத்துக்குத் தெற்கே பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்கால் பாசனத்தில் விவசாயம் செய்கிறீர்கள் என்றும், பெருந்துறைப் பக்கம் பி.இ. சிவில் முடிக்கும் உங்கள் மகனுக்குப் பெரிய கட்டுமான நிறுவனம் ஒன்றிலிருந்து பயிற்சிப் பொறியாளர் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் பணியிடம் ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ இருக்கக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். தாராபுரத்தில் வீடுகள் கட்டித் தரும் உங்கள் மைத்துனரோ, "பையன் என்னிடமே இருக்கட்டும், தொழிலை நான் கற்றுத் தருகிறேன்" என்கிறார். பெரிய கம்பெனியில் வேலை எப்படி இருக்கும், சாப்பாடு, தங்குமிடம், விடுமுறை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபோது, அதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. மகன் அங்கே போனால் பொறியாளனாக வளர்வானா, அல்லது ஆயிரம் பேரில் ஒருவனாக வெயிலில் நின்று வேலை வாங்குபவனாகவே தங்கிவிடுவானா என்பதே உங்கள் கவலை. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். சாப்பாட்டுக்கும் விடுமுறைக்கும் இடையில் வருகிறேன்.

கோவையில் படித்து முடித்த கையோடு ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து, நான்கு மாநிலங்களில் 18 ஆண்டுகள் சைட் பொறியாளராகவும் பின்னர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலும் இருந்தேன். இப்போது ஈரோட்டில் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். ஆகவே உங்கள் மைத்துனரின் பக்கமும் எனக்குத் தெரியும். நான் பார்த்தவை பாலங்களும் தொழிற்சாலைக் கட்டடங்களும்தான். வடிவமைப்பு அலுவலகத்திலோ வெளிநாட்டுப் பணியிடத்திலோ இருந்ததில்லை என்பதால், அவற்றைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை.

தாராபுரத்தில் ஒரு வீடு எழும்பும் விதத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர், இன்ஜினியர், மேஸ்திரி என்று மூன்று பேர் நின்று பேசினால் எந்த முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டுவிடும். சதுர அடிக்கு இவ்வளவு என்ற பேச்சு, கையில் கொடுக்கும் முன்பணம், அடுத்த வாரம் ஜல்லி வருமா என்று ஒரு தொலைபேசி அழைப்பு, இவற்றிலேயே அஸ்திவாரமான கடக்கால் முதல் புதுமனைப் புண்ணியார்ச்சனை வரை போய்விடும். பெரிய நிறுவனத்தில் அதே வேலை பத்துப் பிரிவுகளாகப் பிரிந்துகிடக்கிறது. வேலையைச் செய்விப்பவர் ஒருவர், திட்டமிடுபவர் இன்னொருவர், தரம் பார்ப்பவர், பாதுகாப்பு பார்ப்பவர், பில் போடுபவர், ஸ்டோர் வைத்திருப்பவர், இயந்திரங்களைக் கவனிப்பவர், கணக்குப் பார்ப்பவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனி. இவர்களை ஒன்றாகக் கட்டிவைப்பது காகிதமும் அதில் உள்ள கையெழுத்தும்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பெரிய நிறுவனத்தின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளை எடுத்துக்கொள்வோம். முந்தைய நாளே கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளின் மட்டம், கம்பியின் அளவும் இடைவெளியும், கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக், மின்குழாய் எல்லாவற்றையும் பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக, கான்கிரீட் ஊற்ற அனுமதிக்கும் போர் கார்டு (pour card) என்ற அட்டையில் மூன்று நான்கு பேர் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் கான்கிரீட் கொட்டக் கூடாது. லாரி வந்ததும் கான்கிரீட் எவ்வளவு இளகியிருக்கிறது என்று ஸ்லம்ப் சோதனை. பிறகு 150 மில்லிமீட்டர் கன அச்சுகளில் மாதிரி எடுத்து, தண்ணீரில் வைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்க்கிறார்கள். 5 கன மீட்டர் வரைக்கும் ஒரு மாதிரி, 15 வரைக்கும் இரண்டு, 30 வரைக்கும் மூன்று என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர ஆவணம் வகுத்திருக்கிறது. தாங்கும் சுவர்களுக்கோ உத்தரங்களுக்கோ இடையே தளம் கடக்கும் தூரம் 4.5 மீட்டருக்குள் இருந்தால் அடியில் நிற்கும் முட்டுகளை 7 நாள் வரையிலும், அதற்கு மேல் போனால் 14 நாள் வரையிலும் எடுக்கக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. உங்கள் மைத்துனரின் மேஸ்திரிக்கும் இவை தெரியும், அனுபவத்தில் தெரியும். பெரிய நிறுவனத்தில் அந்த அறிவுக்குத் தேதியும் எண்ணும் கேட்பார்கள். எந்த லாரி, எந்த நேரம், எந்தத் தூணுக்கு, யார் பார்த்தது என்று மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும்.

கொங்கு நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில், பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கும் தண்ணீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். ஓர் ஊரின் பக்கத்தில் குழாய் பதித்த பொறியாளர், அது தொடங்கும் நீரேற்று நிலையத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பதித்த துண்டு சரியான மட்டத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் அடுத்தவர் தன் துண்டைப் பதிக்கிறார். 2025 அக்டோபரில் திறந்த கோவை அவிநாசி சாலையின் 10.1 கிலோமீட்டர் மேம்பாலமும் அப்படித்தான் எழுந்திருக்க முடியும். இத்தனை பெரிய வேலையை வாய்ச்சொல்லில் நடத்த முடியாது.

இனி, அந்தக் கையெழுத்து ஒரு இளைஞனை என்ன செய்யும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில், சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும் 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டியிருந்தது. இரண்டு லாரிகள் கீழே காத்திருந்தன. "நேற்றே பார்த்தாகிவிட்டது, போர் கார்டில் கையெழுத்துப் போடு" என்று மூத்தவர் சொன்னார். மேலே ஏறிப் பார்க்காமல் போட்டுவிட்டேன். அப்படி ஒரு முனையில் மட்டும் பிடித்து நிற்கும் தளத்தில் இழுவையைத் தாங்கும் கம்பி மேல்புறம் இருக்க வேண்டும். அதை மேலேயே நிறுத்தி வைப்பதற்குச் 'சேர்' என்று சொல்லும் வளைத்த கம்பிகளைக் கீழே கொடுப்போம். பாதிக்கும் மேற்பட்ட சேர்கள் வைக்கப்படவே இல்லை. கான்கிரீட் போட்டவர்கள் நடந்த நடையில் கம்பி ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. 125 மில்லிமீட்டர் ஆழத்தில் வேலை செய்ய வேண்டிய கம்பிக்கு 85தான் மிச்சம் என்றால், தளத்தின் தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். முட்டு எடுப்பதற்கு முன்பே தரப்பிரிவினர் சந்தேகப்பட்டு, ஓரிடத்தில் குடைந்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். தளம் முழுவதையும் உடைத்தோம். விசாரணையில் மூத்தவர் பேசவே இல்லை. அட்டையில் இருந்தது என் பெயர். அவர் சொன்னதால்தான் போட்டேன் என்பதை எங்கும் எழுத முடியவில்லை. அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் யாராவது அந்தத் தளத்தின் கீழே நின்றுகொண்டிருந்திருக்கலாம் என்ற நினைப்பு வந்த பிறகு, அந்தக் கோபத்தை நான் வெளியே சொன்னதில்லை. அதற்குப் பின் 17 ஆண்டுகள், பார்க்காத எதற்கும் கையெழுத்திடவில்லை. அதனால் இரண்டு இடங்களில் எனக்குக் கெட்ட பெயரும் வந்தது.

உங்கள் மகனுக்கு முதல் ஆண்டிலேயே இப்படி ஒரு நாள் வரும் என்று உறுதியாகச் சொல்கிறேன். வேலை தாமதமானால் நிறுவனம் இழப்பீடு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்த அழுத்தம் மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் பயிற்சிப் பொறியாளரின் தலையில் வந்து நிற்கும். மேலே ஏறிப் பார்க்கப் பத்து நிமிடம் கேட்கும் துணிவு அவனுக்கு இருந்தால், பெரிய நிறுவனம் அவனுக்குத் தரக்கூடிய பெரிய படிப்பு அதுவே.

அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்குத் தொழிலாளர்களை நிறுத்தி அன்றைய வேலையின் ஆபத்துகளைச் சொல்வதில் நாள் தொடங்கும். மாலையில் முடியும் என்று எண்ண வேண்டாம். கான்கிரீட் தொடங்கினால் முடியும் வரை இருக்க வேண்டும். அது இரவு இரண்டு மணியாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு அன்றைய முன்னேற்ற அறிக்கையை அனுப்ப வேண்டும். நான் இருந்த இடங்களில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசியில் அதுவும் போய்விடும். தங்குமிடமும் சாப்பாடும் தொலைதூரச் சைட்டுகளில் பெரும்பாலும் நிறுவனமே தருகிறது. ரொட்டியும் பருப்பும் உருளைக்கிழங்கும் பழகிப்போகும். இதனால் சம்பளம் சிறிதானாலும் செலவே இல்லாமல் கையில் நிற்கும். உள்ளூரில் கொஞ்சம் அதிகம் வாங்குபவரைவிட அவன் மிச்சம் பிடிப்பான்.

மொழி ஒரு பெரிய விஷயம். கம்பி கட்டுபவர்களும் சென்ட்ரிங் அடிப்பவர்களும் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்காளத்தின் மால்டா, முர்ஷிதாபாத் பக்கங்களிலிருந்து வருகிறார்கள். அவர்கள் நிறுவனத்தின் ஆட்கள் அல்லர். நிறுவனத்திடம் வேலையில் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுக்கும் சப் கான்ட்ராக்டரின் ஆட்கள். மூன்று மாதத்தில் வேலைக்கு வேண்டிய இந்தி வந்துவிடும். அவர்களை மரியாதையாக அழைத்துப் பேசும் பொறியாளருக்கு அவர்கள் மறைக்காமல் தவறைச் சொல்வார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்பி இறங்கியதை எனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியவரும் அப்படி ஒரு கம்பி கட்டுபவர்தான், அவரிடம் நான் அதுவரை பெயர்கூடக் கேட்டிருக்கவில்லை. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பண்டிகைக்குப் பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவதால் சைட் காலியாகும். பொங்கலுக்கோ வேலை உச்சத்தில் இருக்கும். அதனால் முதல் இரண்டு பொங்கலுக்கு மகன் வீட்டுக்கு வருவான் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பணம் எப்படி ஓடுகிறது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடித்த வேலையை அளந்து மாதந்தோறும் ரன்னிங் பில் போடுவார்கள். வேலை கொடுத்தவரின் ஆலோசகர் அதைச் சரிபார்த்து, ஒரு பகுதியைப் பிணைத்தொகையாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். அது வந்த பிறகு சப் கான்ட்ராக்டருக்கு, அவரிடமிருந்து தொழிலாளிக்கு. மேலே ஒரு மாதம் நின்றால் கீழே இரண்டு மாதம் நிற்கும். கூலி வராத தொழிலாளி நேராக வந்து கேட்பது அன்றாடம் தன் கண்முன் நிற்கும் இளம் பொறியாளரைத்தான். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. இது தெரிந்த பொறியாளர், வருகைப் பதிவையும் அளவையும் ஒழுங்காக எழுதி வைத்துத் தொழிலாளிக்குத் துணையாக இருக்க முடியும். ஸ்டோர் கணக்கும் அப்படியே. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை வரும்; 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 1.58 கிலோ. வந்த கம்பி, போட்ட கம்பி, மிச்சம் என்று மாதக் கடைசியில் ஒவ்வொரு டன்னுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். உள்ளூர்த் தொழிலில் இந்தக் கணக்கை யாரும் இவ்வளவு கறாராகக் கேட்பதில்லை. திரும்பி வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது எனக்கு முதலில் கைகொடுத்தது இதுதான்.

பாதுகாப்பைப் பற்றி உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. உயரத்திலிருந்து விழுவது, மின்சாரம், குழி சரிவது, பின்னால் வரும் வண்டி, இந்த நான்கும்தான் சைட்டில் உயிரை எடுப்பவை. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்றன. பெரிய நிறுவனங்கள் அதைவிடச் சிறிய சைட்டிலும் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். ஹெல்மெட், முழு உடல் பெல்ட், குழிக்குள் இறங்க அனுமதிச் சீட்டு என்பவை அங்கே உண்மையாகவே நடக்கின்றன. அந்த வகையில் உள்ளூரில் லுங்கியோடு சாரத்தில் ஏறும் வேலையைவிட உங்கள் மகன் பாதுகாப்பாக இருப்பான். ஒரு முறை மழைக்குப் பிறகு மூன்று மீட்டர் குழிக்குள் ஆட்களை இறக்க நான் அவசரப்பட்டேன். பாதுகாப்பு அதிகாரி சீட்டுத் தர மறுத்தார். மதியம் அந்தக் கரை சரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

இதுவரை சொன்னவை நான் நேரில் கண்டவை, உறுதியானவை. இனிச் சொல்வது என் கணிப்பு. எட்டுப் பத்து ஆண்டுகளில் மகன் எந்தப் பதவியில் இருப்பான் என்பது நிறுவனத்தின் பெயரைவிட, முதல் இரண்டு ஆண்டுகளில் அவனுக்கு வாய்க்கும் புராஜெக்ட் மேனேஜரைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருவருக்கு வேலையைப் பிரிவு பிரிவாக மாற்றிக் கற்றுக்கொடுத்த மேலாளர் கிடைத்தார். மற்றவர் நான்கு ஆண்டுகள் ஒரே வகைத் தூணுக்குக் கம்பி எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு வெளியேறினார். நீங்கள் பயப்படுவது அந்த இரண்டாவது நிலைக்குத்தான். அது நடக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஓராண்டு முடிந்ததும் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுத்தில் கொடுப்பதும், இரண்டாண்டில் கிடைக்காவிட்டால் வெளியே வருவதும் தவறில்லை. வீட்டில் யாரும் அதைத் தோல்வி என்று சொல்லக் கூடாது.

உள்ளூரில் கிடைத்து அங்கே கிடைக்காதது ஒன்று உண்டு. மைத்துனரிடம் ஒன்றரை ஆண்டில் அவன் ஒரு வீட்டைத் தொடக்கம் முதல் குடிபுகும் வரை பார்ப்பான். வீட்டம்மா சமையலறை ஜன்னலை எங்கே கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்பதும் புரியும். பெரிய நிறுவனத்தில் கட்டடத்தில் வாழப்போகிறவரை ஒருநாளும் பார்க்க மாட்டான். அது சிறிய இழப்பு அல்ல. ஆனால் வீட்டு வேலையைப் பின்னாலும் கற்றுக்கொள்ளலாம், நானே நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றேன். ஆயிரம் பேர் வேலை செய்யும் சைட்டின் ஒழுங்கை முப்பதுக்கு மேல் போய்க் கற்பது கடினம். அதனால் மூன்று ஆண்டுகளுக்கு அனுப்புங்கள் என்பதே என் கருத்து.

அனுப்பும் முன் கடிதத்தை நன்றாகப் படியுங்கள். வேலைக்கு எடுப்பது அந்த நிறுவனமேதானா, அல்லது ஆள் அனுப்பும் வேறொரு ஏஜென்சியா என்பதை முதலில் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் சைட்டில், அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேறொருவரின் சம்பளப் பட்டியலில் இருக்கும் பொறியாளர்கள் ஏராளம். வேலை முடிந்ததும் அவர்களுடைய பணியும் முடிந்துவிடுகிறது. சைட்டில் கிடைக்கும் படிப்பு ஒன்றாக இருந்தாலும் பின்னால் வரும் வாய்ப்புகள் ஒன்றல்ல. கடிதத்தில் காட்டும் ஆண்டுத் தொகையில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதியும் சேர்ந்திருக்கும் என்பதால், மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். இத்தனை ஆண்டுகள் இருந்தாக வேண்டும் என்ற உறுதிமொழி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். சான்றிதழ்களின் அசலைக் காட்டலாம், ஒப்படைக்க வேண்டாம்.

சேரும் நாள் ஜூலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை இருக்கும் இரண்டு மாதமும் அவனைத் தாராபுரத்தில் மைத்துனரின் சைட்டிலேயே நிற்கச் சொல்லுங்கள். ஒரு கடக்காலும் ஒரு தளமும் அவன் கண் முன்னால் நடக்கட்டும். மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி வளைக்கவும், மட்டக்குழாயில் மட்டம் எடுக்கவும் கற்றுக்கொள்ளட்டும். இதற்கெல்லாம் பெரிய சைட்டில் யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள். முகப்பில் நீண்டு நிற்கும் சன்ஷேடுக்குக் கான்கிரீட் போடும் நாளில், லாரி வருவதற்கு முன்னால், கம்பிக்கு அடியில் சேர்கள் எத்தனை இருக்கின்றன என்று மேலே ஏறி அவனையே எண்ணிவிட்டு வரச் சொல்லுங்கள்.